ஐந்து நிமிடத்தில் பத்துக் கேள்வி

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் சிரிமான் ஜாராவின் ஐம்பது புள்ளிகள் பறிபோயின. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றும் காலை ஆறரைக்கு என் பேருந்தில் ஏறி, தொழிற்சாலை நிறுத்தத்தில் இறங்கி, தானியம் ஏற்றும் டிரெய்லர்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து பார்த்தால் ஓட்டாவாவில் யாரோ விதியை மாற்றியிருக்கிறார்கள்.

கனடாவில் யார் தங்கலாம் என்பதைப் புள்ளி போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை. இங்கே ஒரு முதலாளி "இவர் எனக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு ஐம்பது. அந்த ஐம்பதைத்தான் அடியோடு எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால், சிலர் போலிக் கடிதங்களை விற்கிறார்களாம். கள்ள நோட்டு அடிக்கிறவனைப் பிடிக்கத் துப்பில்லாமல் ஊரில் உள்ள எல்லார் நோட்டும் செல்லாது என்று அறிவித்த மாதிரி இருக்கிறது. சிரிமானின் கடிதம் போலி இல்லை. அவனுடைய மேற்பார்வையாளர் கர்ட், அலுமினியத்தில் இவன் கைக்கு ஈடான கை இந்த மாகாணத்தில் இல்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் மூன்றே வாரத்தில், இங்கே ஓராண்டு வேலை நிறைந்ததும், அவன் விண்ணப்பம் வரிசையின் முன்னால் வந்திருக்கும்.

நான் நியேலே திராவோரே. வின்னிபெக்கில் பதினோரு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். சிரிமானும் நானும் மாலிக்காரர்கள். அவன் செகு ஊர், நான் சிகாசோ. எங்கள் நாட்டில் ஜாரா குடும்பத்துக்கும் திராவோரே குடும்பத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் காராமணி தின்னி, அடிமை என்று ஒருவரை ஒருவர் திட்ட வேண்டும். திட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. கோபம் வரக் கூடாது, வந்தால் ஊரே சிரிக்கும்.

"காராமணி தின்னி, நேத்து எத்தன சட்டி காலி பண்ண?" என்று நான் பேருந்தின் கதவைத் திறக்கும்போதே கேட்பேன்.

"எங்க வீட்டு அடிமைக்கு பஸ் ஓட்டுற அளவுக்கு மூளை வந்துடுச்சே, அந்த சந்தோஷத்துல ரெண்டு சட்டி சேத்துத் தின்னேன்" என்பான்.

ஒரு முறை, வேறொரு பயணி இதைப் பார்த்து, ஓட்டுநர் பயணியிடம் சண்டை போடுகிறார் என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவன் என் சொந்தக்காரன், திட்டுவது என் கடமை" என்று சொன்னதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த மேலாளருக்குத் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை அவன் ஏறியபோது நான் திட்டினேன். அவன் பதிலுக்குத் திட்டவில்லை. அட்டையைத் தட்டிவிட்டு எனக்குப் பின்னால் நின்றான்.

"என்னடா, காராமணி தொண்டைல சிக்கிடுச்சா?"

"அம்பது போச்சுக்கா" என்றான்.

வேலை அனுமதி ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. அதற்குள் நிரந்தரமாகத் தங்க அழைப்புக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் மூன்று பேரும் கிளம்ப வேண்டியதுதான். மனைவி கொரொத்துமுவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. அவளுடைய அனுமதியும் இவன் அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மகள் அசா இரண்டாம் வகுப்பு. அவள் இப்போதே செகுவை மறக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் வந்த வருஷம் எப்படி இருந்தது தெரியுமா? இந்த மானிடோபா மாகாணத்தில் உன்னைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். அதற்கே புள்ளி போட்டார்கள். சிரிமானின் கைத்தொழிலில் கால்வாசி எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் உள்ளே இருக்கிறேன், அவன் வாசலில் நிற்கிறான். இதற்கு நான் வெட்கப்படுவதா, கோபப்படுவதா என்று கேட்டால், கோபம்தான் முதலில் வருகிறது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ஐம்பது புள்ளி தனியாக உண்டு. வாசிப்பு, எழுத்து, கேட்பது, பேசுவது என்று நான்கு தேர்வு. நான்கிலும் ஏழாவது படியைத் தொட வேண்டும். ஒன்றில் வழுக்கினாலும் ஐம்பதும் கிடையாது.

இதைக் கேட்டதும் சிரிமான் ஒரு மாதிரி சிரித்தான். செகுவில் அவன் படித்த பள்ளியில் வகுப்பில் யாராவது எங்கள் தாய்மொழியான பம்பாரா பேசினால் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசி மாட்டிக்கொள்கிறவன் கழுத்துக்கு அது போகும் வரைக்கும் கழற்ற முடியாது. "ஒரு வாரம் தொங்கவிட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்" என்றான். "அடிச்சு அடிச்சு ஏத்தின பிரெஞ்சுதானே. அது அம்பது புள்ளிக்காவது ஆகட்டும்."

மே மாதம் தேர்வு எழுதினான். ஜூனில் முடிவு வந்தது. வாசிப்பில் ஒன்பது, எழுத்தில் எட்டு, கேட்பதில் ஒன்பது. பேச்சில் ஆறு.

பேச்சில் ஆறு என்றதை நான் நம்பவில்லை. இந்த ஊர்ப் பள்ளிவாசலில் பிரெஞ்சில் பேசி ஆளைக் கட்டிப் போடுகிறவன் அவன். அவன் வீட்டுக்குப் போய், கொரொத்துமு வைத்த கடலைக்குழம்புச் சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லு என்றேன்.

தேர்வில் ஒரு விளம்பரச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் போன் செய்கிறீர்கள், எதிரே உட்கார்ந்திருக்கிற தேர்வாளர்தான் விளம்பரம் கொடுத்தவர் என்று வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். ஐந்து நிமிடம். பத்துக் கேள்வியாவது கேட்க வேண்டும். அவனுக்கு வந்தது பழைய சைக்கிள் விற்பனை.

"நீ என்ன கேட்ட?"

"வணக்கம் சொன்னேன். காலைப்பொழுது நல்லா விடிஞ்சதான்னு கேட்டேன். வீட்ல எல்லாரும் சுகமா, பிள்ளைங்க சுகமா, வேலை எப்படிப் போகுது, குளிர் விட்டது ஒடம்புக்குப் பரவால்லியா..."

"அப்புறம்?"

"அவங்க ஒண்ணொண்ணுக்கும் சிரிச்சிட்டு நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னாங்க. ஆனா திருப்பிக் கேக்கல. திருப்பிக் கேக்காம நான் எப்படி முடிக்கிறது? அதனால அவங்க குடும்பப் பேரக் கேட்டேன்."

கொரொத்துமு கரண்டியைக் கீழே வைத்தாள். "பரீட்சை நடத்துறவங்க குடும்பப் பேரையா கேட்டீங்க?"

"பேர் தெரியாம ஒருத்தர்கிட்ட சைக்கிள் வெலை பேசுவாங்களா?"

மணி அடித்தபோது அவன் சைக்கிளைப் பற்றி மூன்றே கேள்வி கேட்டிருந்தான். விலை என்ன, எத்தனை வருஷப் பழசு, பிரேக் பிடிக்குமா. எங்கள் ஊரில் ஒரு மனிதரிடம் போய் நேராக விலையைக் கேட்டால், வளர்த்தவர்களைத்தான் திட்டுவார்கள். நானும் சிரிமானைப் போலத்தான் செய்திருப்பேன். மாலியில் பிறந்த யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அந்த நாற்காலியில் உட்காரும்போது யாரும் அவனிடம், இங்கே மனிதரை விசாரிக்காதே, பொருளை மட்டும் விசாரி என்று சொல்லவில்லை.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு அவனைத் தேர்வு மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். முன்மேசையில் ஒரு பெண் இருந்தாள்.

"மார்க்கப் பத்தி இங்க பேச முடியாது மேடம். மறுபார்வைக்கு எழுதிப் போடலாம். மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல இவர் நாட்ட விட்டே போயிருப்பார். இவர் பேசின பிரெஞ்சுல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கணினியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போதுமான தகவல் கேக்கலன்னு போட்டிருக்கு. மீதி நேரம் என்ன பண்ணினார்?"

"நலம் விசாரிச்சார்."

"அதுக்கு மார்க் இல்ல" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அங்கேயே கத்தியிருப்பேன். சிரிமான் என் முழங்கையைத் தொட்டு, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, அவள் வீட்டாருக்கும் நலம் சொல்லிவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தான்.

மறு தேர்வுக்கு வின்னிபெக்கில் அக்டோபர் வரை இடம் இல்லை. விதி மாறியதும் எல்லாரும் பிரெஞ்சுக்குப் பாய்ந்துவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு வார்த்தை பிரெஞ்சு பேசாதவர்கள் காசு கட்டி, பத்துக் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் வாசலில் நிற்கிறவர்கள்தான். தினமும் பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும் ஏழு நிமிடத்தில் நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஜூலை நடுவில் பக்கத்து மாகாணத்து ரெஜைனாவில் ஒருவர் வராமல் போனதால் ஓர் இடம் விழுந்தது. ஆறு மணி நேரப் பயணம். பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு.

விடிந்ததும் என் காரில் கிளம்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் கனோலாப் பயிர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. நான் போனை முன்பலகையில் ஒட்டி, ஐந்து நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

"நான் பழைய சோபா விக்கிறேன். கேளு."

"வணக்கம். காலைல நல்லா..."

"நிறுத்து. வணக்கத்தோட நிறுத்து. சோபா எவ்வளவு?"

"வணக்கம். வீட்ல எல்லாரும்..."

"வீட்ல எல்லாரும் செத்துப் போய்ட்டாங்க. சோபா எவ்வளவு?"

"வாயக் கழுவுக்கா" என்றான். சிரிக்கவில்லை.

பிராண்டன் ஊரைத் தாண்டும் வரை அவனால் முடியவில்லை. நாக்கு தானாகப் போய் நலத்தில் நின்றது. நான் கத்தினேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டும் கத்தினேன். கடைசியில், "நான் உங்க வீட்டு அடிமைதானே? அடிமைகிட்ட யாராவது நலம் விசாரிப்பாங்களா? அந்தத் திமிரோட கேளு" என்றேன். அது வேலை செய்தது. மாகாண எல்லைக்கு வருவதற்குள் நான்கு நிமிடத்தில் பதினொரு கேள்வி கேட்டான். விலை, அளவு, நிறம், கறை உண்டா, யார் தூக்கிப் போவது, ரொக்கமா. பேருந்து நிறுத்தங்களை வாசிக்கிற பதிவுக்குரல் மாதிரி இருந்தது. நான் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

மூன்று மணிக்கு உள்ளே போனான். நான் வாகன நிறுத்தத்தில் வெயிலில் காத்திருந்தேன். நான்கரைக்கு வெளியே வந்து, காரில் ஏறி, கதவைச் சாத்தினான்.

"எத்தன?"

"பன்னெண்டு."

நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "காராமணி தின்னி, பன்னெண்டா? சொல்லிக் குடுத்தது யாரு? இனிமே என் கால்ல விழுந்துதான் பஸ் ஏறணும்."

அவன் கண்ணாடி வழியாக அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீட்டுல வாடகைக்கு வீடு" என்றான். "ரெண்டு ரூம். வயசான ஒரு பொம்பளதான் எதிர்ல. நான் நேரா ஆரம்பிச்சேன். வாடகை எவ்வளவு, எந்த மாடி, லிஃப்ட் இருக்கா. நல்லாத்தான் போச்சு. அப்புறம், வீடு ஏன் காலியாகுதுன்னு கேட்டேன்."

"நல்ல கேள்வி."

"எங்கம்மா இருந்த வீடு, போன மாசம் தவறிட்டாங்கன்னு சொன்னாங்க."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"நீ என்ன சொன்ன?"

"ஹீட்டர் செலவு வாடகையிலயே சேந்துடுமான்னு கேட்டேன்."

 எங்கள் ஊரில் இறப்புச் செய்தி காதில் விழுந்தால் சந்தையில் பேரம் பேசுகிறவன்கூடத் தராசைக் கீழே வைத்துவிடுவான். பகையாளி வீட்டு இறப்பாக இருந்தாலும் வாய்விட்டு இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. அதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறவனை எங்களில் யாரும் பார்த்ததே இல்லை.

"நடிப்புடா அது" என்றேன். "அந்தச் சீட்டுல எழுதியிருக்கும். அவங்க அம்மா நல்லா இருப்பாங்க."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல, இருக்காங்க."

"அவங்க அதச் சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசலக்கா. என் வாயையே பாத்தாங்க. ஏதாவது சொல்லுவேன்னு பாத்தாங்களோ, அடுத்த கேள்விக்குப் பாத்தாங்களோ, தெரியல. என் தலைக்குள்ள நீ கத்துற. சோபா எவ்வளவு, சோபா எவ்வளவுன்னு."

அப்போது கட்டடத்தின் கதவு திறந்தது. நரைத்த முடியைப் பின்னால் முடிந்த ஒரு பெண் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக வெளியே வந்தார். சிரிமான் நிமிர்ந்தான். "அவங்கதான்" என்றான். கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. "ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

தேர்வுக்கு முன்னால் அவன் கையெழுத்துப் போட்ட தாளில் தெளிவாக எழுதியிருந்தது. தேர்வாளரை மையத்துக்கு வெளியே சந்தித்துப் பேசினால் தேர்வு ரத்து. அந்தத் தாளை அவனுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்கு இன்னும் ஆறு வாரம். இன்னொரு இடம் கிடைக்காது. அசாவின் பள்ளி செப்டம்பரில் திறக்கிறது.

நான் என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

அவன் என்னைப் பார்த்தான். தன் பக்கத்துக் கதவை அவன் கையாலேயே திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தப் பெண் எங்களைப் பத்தடி தூரத்தில் தாண்டிப் போய், ஒரு சின்னச் சாம்பல் நிறக் காரில் ஏறி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருக்கலாம். வேறு என்னவாகவும் இருக்கலாம். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

அந்தக் கார் கண்ணுக்கு மறைந்த பிறகு சிரிமான் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பம்பாராவில் மெதுவாகச் சொன்னான்.

"அல்லா அந்தத் தாய்க்கு இரங்கட்டும்."

"ஆமீன்" என்றேன். வேறு யார் சொல்வது?

"அவங்க படுத்த எடம் குளுந்திருக்கட்டும்."

"ஆமீன்."

"விட்டுப் போனவங்களுக்கு ஆயுசக் குடுக்கட்டும்."

"ஆமீன்."

அப்படி ஒரு தாய் உண்டா, இருந்தால் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பூட்டிய காருக்குள் உட்கார்ந்து, கேட்க வேண்டியவர் காதில் விழாதபடி, இரண்டு பேர் துக்கம் விசாரித்தோம். அதற்கு அப்புறம் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டினேன். அவன் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் முடிவு வந்தது. பேச்சில் பத்து. ஐம்பது புள்ளியும் ஏறியது, இரண்டு வாரத்தில் அழைப்பும் வந்தது. கர்ட் தொழிற்சாலையில் கேக் வெட்டினார். அவர் எழுதிய மூன்று கடிதத்துக்கும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. ஒரு மனிதனின் கையையும், ஒரு வருஷ உழைப்பையும், அவனை வேண்டும் என்று சொன்ன முதலாளியின் வார்த்தையையும் ஒரே நாளில் பூஜ்யம் ஆக்கிவிட்டு, துக்க வீட்டில் ஹீட்டரைப் பற்றிக் கேட்டதற்கு ஐம்பது கொடுத்தார்கள். இந்த விதியை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் அவர் வீட்டுப் படியேறி, நலமெல்லாம் விசாரித்துவிட்டு, இதை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் ஐயா என்று கேட்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அழைப்பு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கொரொத்துமு ஒரு ஆட்டைச் சொல்லி வாங்கி, தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாம், ஆறில் இருந்து பத்துக்கு எப்படித் தாவினாய் என்று கேட்டார்கள். அவள் பெருமையாக, "நியேலே அக்கா கார்லயே பாடம் எடுத்தாங்க" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சிரிமான் எனக்குத் தட்டில் கறி வைக்கிற மாதிரி குனிந்தான். "அந்த வாடகை வீட்டு விஷயத்த மட்டும் கொரொத்துமுகிட்ட சொல்லிடாதக்கா" என்று காதோரம் சொன்னான். "என்னை எப்படிப் பாப்பான்னு தெரியல."